கடிதம் காக்கும் களஞ்சியம்

பதிவுத் தபாலொன்றைத் தபாற்கந்தோரில் ஒப்படைப்பவர், அதற்குரிய பற்றுச்சீட்டைக் கையிற் பெற்ற பின்னரே வீடு திரும்புவார். ‘இனி இக்கடிதத்துக்குப் பொறுப்பு எம்முடையது’ எனத் தபாற்பகுதி எழுதிக் கொடுக்கும் வாக்குறுதியே அச்சீட்டாகும். மின்னஞ்சலிலும் இத்தகைய பற்றுச்சீட்டு ஒன்று உண்டென்பதை நேயர்களுட் பலர் அறிந்திரார். ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்குக் கடிதம் செல்லும்போது, கடிதம் முழுவதும் வந்து சேர்ந்தபின், பெறும் கணினி 250 என்னும் எண்ணை விடையாக அனுப்புகின்றது. ‘பெற்றுக்கொண்டேன்’ என்பது அதன் பொருள். அவ்விடை கிடைத்ததும், அனுப்பிய கணினி அஞ்சல் வரிசையில் தான் வைத்திருந்த பிரதியை அழித்துவிடுகின்றது.

இம்முறையை வகுத்த விதிநூலை ஜோன் பொஸ்ரெல் என்னும் அமெரிக்க அறிஞர் 1982ஆம் ஆண்டு எழுதினார். 2008ஆம் ஆண்டு திருத்தி வெளியிடப்பட்ட விதி இப்பொறுப்பை மிகத் தெளிவாகக் கூறுகின்றது. ஒரு கடிதத்தைப் பெற்றுக்கொண்டதாகச் சொன்ன கணினி, பின்னர் தான் செயலிழந்து நின்றதைக் காரணங்காட்டியோ, முன்கூட்டியே அறிந்திருக்கக்கூடிய இடப்பற்றாக்குறையைக் காரணங்காட்டியோ அதனை இழத்தல் ஆகாது. கடிதம் கைமாறுந்தோறும் இப்பொறுப்பும் உடன் கைமாறுகின்றது. ஈற்றில் அது பெறுநருடைய அஞ்சற்பெட்டியை அடைகின்றது. அதற்கு அப்பால் வேறு கை இல்லை. அஞ்சற்பெட்டி எவ்வாறு அமைக்கப்பட்டிருக்கின்றதோ, அதனைப் பொறுத்தே அவ்வாக்குறுதி நிலைக்கும், அல்லது பொய்க்கும்.

மின்னஞ்சல்களை ஏற்றுக் காத்து, உரியவர் கேட்கும்போது எடுத்து வழங்கும் கணினிக்கு அஞ்சற் சேவையகம் என்று பெயர். தொடக்கத்தில் இதன் வேலை எளிதாயிருந்தது. 1984ஆம் ஆண்டு தோன்றிய ‘பொப்’ என்னும் முறைப்படி, கடிதத்துக்குரியவர் தம் கணினியிலிருந்து சேவையகத்தை அழைத்து, வந்துள்ள கடிதங்களை எடுத்துக்கொண்டு போவார். சேவையகத்திலிருந்த பிரதி பெரும்பாலும் அப்போதே அழிக்கப்படும். தபாற்கந்தோருக்குச் சென்று கடிதங்களைக் கேட்டு வாங்கி வருவது போன்றது அது. 1986ஆம் ஆண்டு ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் என்பவர் வகுத்த ‘ஐமாப்’ முறை நிலைமையை மாற்றிவிட்டது. இதன்படி கடிதங்கள் சேவையகத்திலேயே தங்குகின்றன. இன்று ஒருவர் அலுவலகக் கணினியிலும் கைத்தொலைபேசியிலும் ஒரே கடிதத்தைப் பார்ப்பதும், ஓரிடத்தில் அழித்தால் மற்றையதிலும் அது மறைவதும் இம்முறையினாலேயே. கடிதங்கள் ஆண்டுக்கணக்கில் ஓரிடத்தில் தங்கத் தொடங்கவே, அவற்றை வைக்கும் முறையும் முன்னில்லாத முக்கியத்துவம் பெற்றது.

இம்முறைகள் பல. ஒவ்வொன்றையும் மூன்று கேள்விகளால் அளந்து பார்த்தல் போதும். கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் நின்றால் என்னவாகும்? ஒரே பெட்டியில் இருவர் ஒரே நேரத்திற் கைவைத்தால் என்னவாகும்? கடிதங்கள் இலட்சக்கணக்கிற் பெருகினால் என்னவாகும்?

முதலில் மிகப் பழைய முறையை எடுத்துக்கொள்வோம். 1971ஆம் ஆண்டு ஆர்ப்பாநெற் என்னும் வலையமைப்பின் வழியாக, ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு முதன்முதற் கடிதம் அனுப்பியவர் ரே ரொம்லின்சன் என்னும் பொறியியலாளர். அவர் காலத்து அஞ்சற்பெட்டி ஒரு தனிக் கோப்பேயாகும். பிறர் அக்கோப்பின் இறுதியில் மேலும் எழுதலாம். முன் எழுதப்பட்டதைப் படிக்கவோ மாற்றவோ அவர்களால் இயலாது. இதே கருத்து 1970களில் யுனிக்ஸ் கணினிகளில் வேரூன்றி, ‘எம்பொக்ஸ்’ என்னும் பெயரைப் பெற்றது. பாடசாலைகளில் உள்ள சம்பவத் திரட்டுப் புத்தகத்தை இதற்கு உவமையாகக் கொள்ளலாம். கட்டப்பட்ட ஒரே புத்தகம். ஒவ்வொரு செய்தியும் முன்னதன் கீழே எழுதப்படும். தாளைக் கிழித்தெடுத்தல் கூடாது.

இம்முறையின் நன்மைகள் பல. ஆயிரம் கடிதங்களிருந்தாலும் காக்கவேண்டிய கோப்பு ஒன்றேயாகும். அதனைப் பிரதிசெய்வதும் வேறிடத்துக்கு எடுத்துச் செல்வதும் எளிது. புதிய கடிதத்தைச் சேர்ப்பதற்கு இறுதியில் எழுதினாற் போதும். எந்தச் சாதாரண எழுத்துக் கருவியாலும் அதனைத் திறந்து படிக்கலாம்.

ஆயினும், ஒரு கடிதம் எங்கே முடிந்து அடுத்த கடிதம் எங்கே தொடங்குகின்றது என்பதை அறிதல் வேண்டுமல்லவா? இதற்காக, ‘ஃப்ரம்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் அதன்பின் ஓர் இடைவெளியும் கொண்டு தொடங்கும் வரியை எல்லைக்கல்லாக நாட்டினார்கள். ‘இன்னாரிடமிருந்து’ என்பது அச்சொல்லின் பொருள். தொல்லையும் இங்கேதான் பிறந்தது. ஆங்கிலத்திற் கடிதம் எழுதும் ஒருவர் தம் பந்தியொன்றை அதே சொல்லால் தொடங்குதல் இயல்பு. அவ்வரியையும் எல்லைக்கல்லெனக் கருதும் மென்பொருள், ஒரு கடிதத்தை இரண்டாகப் பிளந்துவிடும். இதனைத் தடுப்பதற்கு, கடிதத்தினுள் அச்சொல் வரித்தொடக்கத்தில் வந்தால், அதன் முன்னே அம்புமுனை போன்ற ஓர் அடையாளத்தை இட்டு வைக்கும் வழக்கம் ஏற்பட்டது.

இது சிறு மாற்றமே எனினும், பெறுநர் காண்பது அனுப்பியவர் எழுதிய கடிதமாக இல்லை. இலக்கமுறைக் கையொப்பம் இடப்பட்ட கடிதத்தில் ஓர் எழுத்துக் கூடினாலும், கையொப்பம் பொருந்தவில்லை என்றே சோதனை கூறும். பிறரொருவர் திருத்திய கடிதமும், காப்பாளரே அடையாளமிட்ட கடிதமும் அச்சோதனைக்கு ஒன்றே. இட்ட அடையாளத்தைப் பின்னர் பிழையின்றி நீக்கவல்ல வகையொன்றும், கடிதத்தின் நீளத்தை முன்னதாகவே எழுதிவைக்கும் வகைகளும் பின்பு தோன்றின. இவ்வாறு எம்பொக்ஸ் என்னும் ஒரே பெயரில் நான்கு வகைகள் வழங்கலாயின. கையில் உள்ள கோப்பு எவ்வகையைச் சேர்ந்தது என்று சொல்லும் குறிப்பு அக்கோப்பில் இல்லை.

இனி முதற்கேள்வி. இறுதியில் ஒரு கடிதம் எழுதப்படும்போது மின்சாரம் நின்றால், அக்கடிதம் பாதியில் நிற்கும். முன்னைய கடிதங்கள் பெரும்பாலும் தப்பிவிடும். அழிக்கும்போதுதான் ஆபத்து மிகுதி. ஒரு கிகாபைற்று அளவுள்ள பெட்டியில், தொடக்கத்திலிருக்கும் ஒரு கடிதத்தை நீக்கவேண்டுமென்றால், அதன் பின்னுள்ள அனைத்தையும் முன்னே நகர்த்தி மீண்டும் எழுதவேண்டும். அவ்வேலையின் நடுவே மின்சாரம் நின்றால், அழிக்க நினைத்த ஒரு கடிதத்தோடு அழிக்க நினையாத பல கடிதங்களும் சிதையலாம். புதுக் கோப்பொன்றில் முழுவதையும் எழுதிப் பின்னர் பழையதற்குப் பதிலாக வைப்பது பாதுகாப்பான வழி. அதற்கு இருமடங்கு இடம் வேண்டும்.

இரண்டாங் கேள்விக்கு எம்பொக்ஸ் தரும் விடை பூட்டு என்பதாகும். ஒரு மென்பொருள் எழுதும்போது மற்றையது காத்திருத்தல் வேண்டும். இதற்கும் பல வழக்கங்கள் எழுந்தன. சில மென்பொருள்கள் பக்கத்தில் ஒரு சிறு பூட்டுக்கோப்பை உண்டாக்கும். சில, பணிசெயல் முறைமையிடம் பூட்டைக் கேட்டு வாங்கும். ஒன்று முன்வாசலைப் பூட்ட, மற்றையது பின்வாசலை மட்டும் பார்த்துவிட்டு நுழையுமானால் பூட்டினாற் பயனில்லை. இரு கடிதங்களின் வரிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். வலையமைப்பின் வழியே பல கணினிகள் ஒரே தட்டைப் பகிர்ந்துகொண்ட இடங்களில் இத்தொல்லை மேலும் பெருகிற்று.

இதற்கு மாறான எண்ணம் ஒன்று, கடிதத்துக்கு ஒரு கோப்பு என வைப்பதாகும். அமெரிக்காவின் ரான்ட் நிறுவனத்தில் 1979ஆம் ஆண்டளவில் உருவான ‘எம்எச்’ என்னும் மென்பொருள் இவ்வழியிற் சென்றது. ஒவ்வொரு கடிதமும் 1, 2, 3 என எண்ணிடப்பட்ட தனிக்கோப்பாக வைக்கப்பட்டது. ஒரு கடிதத்தை நீக்குவது ஒரு கோப்பை நீக்குவதேயாயிற்று. ஆயினும் இரு மென்பொருள்கள் ஒரே வேளையில் ‘அடுத்த எண் எது?’ என்று பார்த்து, ஒரே எண்ணைத் தேர்ந்தெடுக்கும் அபாயம் எஞ்சியிருந்தது.

அவ்வபாயத்தைத் தீர்த்தவர் டானியேல் பேர்ன்ஸ்ரைன் என்னும் கணித அறிஞர். ‘கியூமெயில்’ என்னும் அஞ்சல் மென்பொருளை எழுதிய அவர், 1990களின் நடுப்பகுதியில் ‘மெயில்டிர்’ என்னும் முறையை வகுத்தார். இதில் அஞ்சற்பெட்டி என்பது மூன்று உட்கோப்புறைகளைக் கொண்ட ஒரு கோப்புறையாகும். முதலாவது தற்காலிக அறை. இரண்டாவது புதியவற்றுக்கான அறை. மூன்றாவது பார்க்கப்பட்டவற்றுக்கான அறை. கடிதமொன்று வந்ததும் அது முதலிற் தற்காலிக அறையில் எழுதப்படுகின்றது. அதன் பெயரில் வந்த நேரம், எழுதிய செயல்முறையின் எண், கணினியின் பெயர் ஆகிய மூன்றும் சேர்ந்திருக்கும். ஆதலால் இரு கடிதங்களுக்கு ஒரே பெயர் அமைவதில்லை. ‘அடுத்த எண் எது?’ என்று எவரும் கேட்கவேண்டியதுமில்லை.

அடுத்து நிகழ்வதே இம்முறையின் உயிர்நிலை. ஒரு மென்பொருள் ‘எழுதிவிட்டேன்’ என்று சொன்னாலும், எழுதியது உடனே தட்டைச் சென்று சேர்வதில்லை. வேகத்தின் பொருட்டுப் பணிசெயல் முறைமை அதனைச் சிறிது நேரம் நினைவகத்தில் வைத்திருக்கும். அந்நேரத்தில் மின்சாரம் நின்றால் எழுதியது மறைந்துபோகும். ஆகவே மெயில்டிர் முறையில், தட்டில் எழுதி முடிக்கும்படி வெளிப்படையாகக் கட்டளையிட்டு, அது முடிந்ததாக விடை பெற்ற பின்னரே, கடிதம் தற்காலிக அறையிலிருந்து புதிய அறைக்கு மாற்றப்படுகின்றது. இம்மாற்றம் பெயர்மாற்றமே ஆதலால், அது முழுவதும் நிகழும். அல்லது சிறிதும் நிகழாது. பாதிக் கடிதத்தை எவரும் காணமாட்டார். இடையில் மின்சாரம் நின்றால், தற்காலிக அறையில் ஓர் அரைகுறைக் கோப்பு மட்டுமே கிடக்கும். 36 மணி நேரம் எவராலும் தொடப்படாதிருந்தால் அதனை நீக்கிவிடலாம். ‘பெற்றுக்கொண்டேன்’ என்னும் விடை இன்னும் சொல்லப்படாமையால், கடிதம் முன்னைய கையிலேயே பத்திரமாக இருக்கும். அது மீண்டும் அனுப்பப்படும்.

படிக்கப்பட்ட கடிதம் மூன்றாம் அறைக்கு மாறுகின்றது. படித்தாயிற்று, பதில் எழுதியாயிற்று, அழிக்கவேண்டும் என்னும் குறிகள் கோப்பின் பெயரிலேயே ஓரெழுத்துகளாக ஒட்டப்படுகின்றன. கடிதத்தினுள் ஓர் எழுத்தும் மாறுவதில்லை. முதலிரு கேள்விகளுக்கும் இம்முறை தரும் விடை இதுவரை கண்டவற்றுட் சிறந்தது எனலாம்.

மூன்றாங் கேள்வியில்தான் மெயில்டிர் இடர்ப்படுகின்றது. தட்டில் இடம் சிறு சிறு கட்டங்களாக அளிக்கப்படுகின்றது. ஒரு கட்டம் வழக்கமாக 4 கிலோபைற்று. ஒரு கிலோபைற்றுக் கடிதமும் முழுக் கட்டமொன்றைப் பிடித்துக்கொள்ளும். அன்றியும், ஒவ்வொரு கோப்புக்கும் தட்டின் பதிவேட்டில் ஓர் இடம் வேண்டும். லினக்ஸ் கணினிகளிற் பெரிதும் வழங்கும் ‘எக்ஸ்ற்4’ கோப்பு முறைமையில், இவ்விடங்களின் தொகை தட்டை முதலில் ஆயத்தஞ் செய்யும்போதே தீர்மானிக்கப்பட்டுவிடும். வழக்கமான கணக்கு 16 கிலோபைற்றுக்கு ஓரிடம் என்பதாகும். அக்கணக்கின்படி 16 கிகாபைற்றுத் தட்டொன்றில் ஏறத்தாழப் 10 இலட்சம் கோப்புகளுக்கே இடமுண்டு. ஒவ்வொன்றும் ஒரு கட்டத்தினுள் அடங்கும் 10 இலட்சம் சிறு கடிதங்கள் வந்துவிட்டால், தட்டின் முக்காற்பங்கு வெறுமையாய்க் கிடக்கும்போதே ‘இடமில்லை’ என்னும் விடை வரும். களஞ்சியம் வெறுமையாயிருக்க, பதிவேட்டில் வரியில்லை என்று நெல்லைத் திருப்பியனுப்பும் நிலை அது. எஞ்சியுள்ள இடத்தை மட்டும் பார்த்துப் பழகிய பராமரிப்பாளர் இதனைக் கண்டு திகைப்பார். ஆனால் இது முன்கூட்டியே அறிந்திருக்கக்கூடிய பற்றாக்குறை. மேற்சொன்ன விதி மன்னியாத குற்றமும் அதுவே.

வேறு குறைகளும் உள. 50,000 கடிதங்கள் கொண்ட பெட்டியைத் திறக்கும்போது, அத்தனை பெயர்களையும் வாசிக்கவேண்டும். ஒரு மென்பொருள் அவ்வாறு வாசித்துக்கொண்டிருக்கையில் மற்றொன்று ஒரு கடிதத்தின் பெயரை மாற்றினால், அது பட்டியலில் அகப்படாமற் போகலாம். கடிதம் காணாமற்போய், சற்று நேரத்தில் மீண்டும் தோன்றும். மேலும், ஐமாப் முறை ஒவ்வொரு கடிதத்துக்கும் மாறாத எண் ஒன்றைக் கேட்கின்றது. அவ்வெண்களை எழுதி வைக்க ஒரு பட்டியல் வேண்டும். பட்டியலுக்குப் பூட்டு வேண்டும். பூட்டே வேண்டாம் என்று தொடங்கிய முறைக்கும் பூட்டொன்று பின்வழியே வந்துசேர்ந்தது.

காப்புப் பிரதி எடுப்பதிலும் இவ்விரு முறைகள் வேறுபடுகின்றன. எம்பொக்ஸ் பெட்டியில் ஒரு சிறு கடிதம் சேர்ந்தாலும் கோப்பு முழுவதும் மாறியதாகவே கொள்ளப்படும். எளிய பிரதிக்கருவி அதனை அன்றிரவு மீண்டும் முழுமையாக எடுக்கும். மெயில்டிரில் புதிய கடிதம் மட்டும் பிரதிசெய்யப்படும். ஆனால் இலட்சக்கணக்கான சிறு கோப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பதிலேயே இரவு கழிந்துவிடலாம்.

இவ்விரு கரைகளுக்கும் நடுவே செல்வது மூன்றாவது வழி. கடிதங்கள் ஒருபுறம் இருக்க, அவற்றைப் பற்றிய விவரங்களைச் சுட்டிக்கோப்பு ஒன்றில் வேறாக வைப்பது இதன் கருத்து. பெரிய கந்தோர்களில் இலிகிதர் அலுமாரியைத் துழாவாமல் முதலிற் பதிவேட்டைப் புரட்டுவதை இதற்கு ஒப்பிடலாம். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1990களில் உருவான ‘சைரஸ்’ சேவையகம் இவ்வழியின் முன்னோடிகளுள் ஒன்று. கடிதத்துக்கு ஒரு கோப்பு. பெட்டிக்கு ஒரு சுட்டி. சேவையகத்தைத் தவிர வேறெந்த மென்பொருளும் அவற்றைத் தொடுதல் ஆகாது. திறவுகோல் ஒருவர் கையிலேயே இருப்பதால் இரண்டாங் கேள்விக்குரிய தொல்லை பெரிதுங் குறைந்தது.

பின்லாந்து நாட்டைச் சேர்ந்த ரிமோ சிரைனென் 2002ஆம் ஆண்டு முதன்முதல் வெளியிட்ட ‘டவ்கொற்’ என்னும் சேவையகம் இன்று உலகெங்கும் பரவலாக வழங்குகின்றது. அப்பெயருக்குப் புறாக்கூடு என்று பொருள். எம்பொக்ஸ், மெயில்டிர் ஆகிய இரண்டையும் ஏற்கும் அது, தனக்கென ‘எம்டிபொக்ஸ்’ என்னும் முறையையும் கொண்டுள்ளது. இதிற் பல கடிதங்கள் ஒரு கோப்பில் வைக்கப்படும். கோப்பு குறிப்பிட்ட அளவை எட்டியதும் அடுத்த கோப்பு தொடங்கும். கோப்புகளின் தொகை பெருகுவதில்லை. ஒரே கோப்பு மலைபோல் வளர்வதுமில்லை. ஒரு கடிதத்தை ஒரு பெட்டியிலிருந்து மற்றொன்றுக்குப் பிரதிசெய்தால் சுட்டியில் மட்டுமே குறிப்பு எழுதப்படும். அழித்தாலும் சுட்டியிலேயே குறிப்பு. பின்னர் பராமரிப்பாளர் துப்புரவுக் கட்டளை கொடுக்கும்போதுதான் தட்டில் இடம் விடுபடும். அக்கட்டளையை மறந்தால், அழித்த கடிதங்களாலேயே தட்டு நிரம்பும்.

இவ்வசதிக்கும் ஒரு விலையுண்டு. எக்கடிதம் எப்பெட்டியிலுள்ளது, எது படிக்கப்பட்டது என்பன சுட்டியிலேயே உள்ளன. சுட்டி கெட்டுவிட்டால், கோப்புகளைத் துருவிக் கடிதங்களை மீட்கலாம். குறிகளை மீட்க இயலாது. அழிக்கப்பட்டும் துப்புரவாகாத கடிதங்கள் மீண்டும் தலைகாட்டவும் கூடும். மெயில்டிரில் சுட்டி கெட்டால், படித்தது படிக்காதது என்னுங் குறிகள் கோப்பின் பெயர்களிலேயே இருப்பதால், அதனைப் புதிதாக அமைத்துக்கொள்ளலாம். ஆகவே எம்டிபொக்ஸ் முறையைக் கைக்கொள்வோர், சுட்டியையும் கடிதத்தைப் போலவே காத்துப் பிரதிசெய்தல் வேண்டும்.

நாலாவது வழி முழுமையான தரவுத்தளம். மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்ச் சேவையகம் இதற்கு நன்கறிந்த உதாரணம். செய்யவிருக்கும் மாற்றத்தை முதலில் ஒரு நாட்குறிப்பிலே எழுதி, அதன் பின்னரே தரவுத்தளத்தில் நிறைவேற்றுவது அதன் முறை. இடையில் மின்சாரம் நின்றால், மீண்டும் எழும்போது நாட்குறிப்பைப் படித்து விட்ட இடத்திலிருந்து சரிசெய்துகொள்ளும். முதற்கேள்விக்கு இதுவும் சிறந்த விடையே. ஆனால் அச்சேவையகமோ அதற்கெனச் செய்யப்பட்ட கருவிகளோ இன்றி, உள்ளிருக்கும் ஒரு கடிதத்தையும் எளிதாகப் படிக்க முடியாது. ஒரு கடிதம் நூறு பேருக்குச் சென்றாலும் ஒரே பிரதியாக வைக்கும் சிக்கனம் அதில் முன்பு இருந்தது. 2010ஆம் ஆண்டுப் பதிப்பில் அது கைவிடப்பட்டது. தட்டுகள் மலிந்துவிட்ட காலத்தில், இடத்தை மிச்சப்படுத்துவதிலும் தட்டில் ஓடித்திரியும் வேலையைக் குறைப்பதே நன்றென அவர்கள் கருதினார்கள்.

தமிழிற் கடிதம் எழுதுவோருக்கு இவ்விடத்தில் ஒரு தனிச்செய்தி உண்டு. ‘தமிழ்’ என்னும் சொல் ஒருங்குறி முறையில் ஐந்து குறியீடுகளால் ஆனது. ஒவ்வொன்றும் இன்று பெருவழக்காயுள்ள குறிமுறையில் 3 பைற்றுகளைப் பெறும். ஆக 15 பைற்றுகள். ஆங்கில எழுத்துகளுக்கென்றே அமைந்த பழைய அஞ்சற் பாதைகளில் இது சிதையாது செல்லும்பொருட்டு, பெரும்பாலும் வேறோர் எழுத்துவடிவுக்கு மாற்றப்படுகின்றது. மாற்றும் முறைகள் இரண்டு. ஒன்றில் அச்சொல் 20 எழுத்துகளாகும். மற்றதில் 45 எழுத்துகளாகும். எம்பொக்ஸ், மெயில்டிர் ஆகியவற்றில் கடிதம் பெரும்பாலும் இவ்வடிவிலேயே கிடக்கின்றது. எந்தக் கருவியாலும் திறந்து தேடலாம் என்று எம்பொக்ஸுக்குச் சொல்லப்படும் சிறப்பு, ஆகையால், தமிழ்க் கடிதத்துக்கு முழுவதும் பொருந்தாது. கோப்பிலே ‘தமிழ்’ என்று தேடினால் அகப்படுவது அரிது. முதலாவது மாற்று முறையில், முன்னால் வரும் இடைவெளிகளையும் புள்ளிகளையும் பொறுத்து, அதே சொல் மூன்று வேறு வடிவங்களில் தோன்றுதலும் கூடும். தமிழ்க் கடிதங்களைத் தேடிப் பயன்படுத்த விரும்பும் அலுவலகம், கடிதத்தை மூலவடிவுக்கு மாற்றிச் சொற்சுட்டி அமைக்கும் சேவையகத்தையே நாடுதல் வேண்டும்.

இனி, எம்முறையாயினும் அது தனியே போதாது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சான்றாகும். 2011ஆம் ஆண்டு பெப்ரவரி மாத இறுதியில், கூகிள் நிறுவனத்தின் ஜிமெயில் சேவையைப் பயன்படுத்தியோருட் சிலர், தம் பெட்டிகள் வெறுமையாயிருப்பதைக் கண்டனர். பாதிக்கப்பட்டோர் மொத்தத் தொகையில் 0.02 வீதத்தினர் என நிறுவனம் அறிவித்தது. அதாவது பத்தாயிரத்தில் இருவர். கடிதங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட நிலையங்களிற் பிரதிசெய்யப்பட்டே இருந்தன. ஆனால் சேமிப்பு மென்பொருளில் அப்போது செய்யப்பட்ட மாற்றமொன்றில் இருந்த பிழை, அப்பிரதிகளையும் தாக்கிவிட்டது. கணினிகளோடு இணைக்கப்படாது தனியே வைக்கப்பட்டிருந்த காந்த நாடாக்களிலிருந்தே கடிதங்கள் மீட்கப்பட்டன. பிழை ஓடிச்செல்ல வழியில்லாத இடத்தில் ஒரு பிரதி இருந்தமையே அவற்றைக் காத்தது.

எந்த இடத்துக்கு எந்த முறை பொருந்தும் என்பதை இனிச் சொல்லலாம். எழுதி முடிந்து, இனி மாறாத பழைய கடிதத் தொகுதிகளுக்கு எம்பொக்ஸ் இன்றும் ஏற்றது. ஒரு சேவையிலிருந்து கடிதங்களை மொத்தமாக வெளியே எடுப்போருக்கு ஜிமெயில் அவ்வடிவிலேயே அவற்றைக் கொடுக்கின்றது. நாள்தோறும் கடிதம் வருவதும் போவதுமான பெட்டிக்கு அது ஏற்றதன்று. சில பத்துப் பேர் பணிபுரியும் அலுவலகத்துக்கும், தனித்தேர்ச்சி பெற்ற பராமரிப்பாளர் இல்லாத இடத்துக்கும் மெயில்டிர் தகும். அதில் ஒன்று கெட்டால் ஒன்றே கெடும். எது கெட்டதென்பதையும் கண்ணாற் காணலாம். ஆயிரக்கணக்கானோருக்குச் சேவை செய்யும் நிறுவனத்துக்குச் சுட்டியோடு கூடிய முறைகளோ தரவுத்தளமோ வேண்டும். அவற்றோடு, சுட்டியையும் நாட்குறிப்பையும் அறிந்து பேணும் ஆட்களும் வேண்டும். ஆட்களை அமர்த்தாது அம்முறையை மட்டும் ஏற்படுத்துவது நன்றன்று.

ஒரு முறையிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவோர், கடிதங்களின் ஐமாப் எண்களும் மாறாது செல்லும் கருவியையே பயன்படுத்தல் வேண்டும். எண்கள் மாறினால், ஒவ்வொருவருடைய கணினியும் கைத்தொலைபேசியும் எல்லாக் கடிதங்களையும் புதியனவெனக் கொண்டு மீண்டும் இறக்கத் தொடங்கும்.

எம்முறையைத் தெரிந்தாலும் அஞ்சற் சேவையகத்தைப் பொறுப்பேற்றவர் செய்யத்தக்க சோதனைகள் மூன்று உண்டு. எஞ்சியுள்ள இடத்தை மட்டுமன்றி, எஞ்சியுள்ள கோப்புப் பதிவிடங்களையும் வாரந்தோறும் பார்த்தல் ஒன்று. உண்மையான கடிதங்கள் இல்லாத பரீட்சைக் கணினியொன்றில், கடிதங்கள் வந்துகொண்டிருக்கும்போதே மின்னிணைப்பைத் துண்டித்து, பெற்றுக்கொண்டதாகச் சொல்லப்பட்டவை யாவும் உள்ளனவா என எண்ணிப் பார்த்தல் மற்றொன்று. காப்புப் பிரதியிலிருந்து ஒரு பெட்டியை முழுமையாக மீட்டுத் திறந்து பார்த்தல் மூன்றாவது. ஒருபோதும் மீட்டுப் பார்க்கப்படாத பிரதியை நம்பியிருத்தல் தகாது.

வேலைக்கான நியமனம், வைத்தியசாலையின் அறிக்கை, கடல்கடந்த மகன் தாய்க்கு எழுதிய நாலு வரிகள் ஆகிய யாவும் இன்று இப்பெட்டிகளையே வந்தடைகின்றன. அனுப்பியவர்க்கு 250 என்னும் விடை எப்போதோ சென்றுவிட்டது. அக்கடிதம் இனித் தன் பொறுப்பன்று என அவருடைய கணினி பிரதியை அழித்தும்விட்டது. எஞ்சியிருப்பது பெற்றுக்கொண்ட கணினியின் தட்டிலுள்ள அந்த ஒன்றே. அதனை எக்கோப்பில், எம்முறையில் வைப்பதென்று தீர்மானிப்பவர், அப்பற்றுச்சீட்டில் தாமே கையொப்பமிட்டதாகக் கருதித் தம் வேலையைச் செய்தல் வேண்டும்.